தனம் மூன்று முறை காதைத் தொட்டார்

சின்னத்திரையில் நீதிபதியாக உட்கார்ந்து எத்தனை தீர்ப்புச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்கும் அப்பாவாகவும் நிறைய அழுதிருக்கிறேன். முட்டி மடங்க மறுத்த பிறகு, போதும் என்று நானே சொல்லிவிட்டு வீட்டோடு இருக்கிறேன். இப்போது நீங்கள், புதிதாக நடிக்க வந்திருக்கிற பிள்ளைகள், அனுபவத்தை எழுதுங்கள் என்கிறீர்கள். கிளிசரின் இல்லாமல் அழுவது எப்படி, பக்கம் பக்கமாக வசனத்தை மனதில் ஏற்றுவது எப்படி என்று கேட்கிறீர்கள். அதெல்லாம் இரண்டு மாதத்தில் உங்களுக்குத் தானாக வந்துவிடும். நான் எழுத வேண்டியது வேறு.

கொஞ்ச நாள் முன்பு, தெரிந்த இயக்குநர் கூப்பிட்டாரே என்று ஒரு படப்பிடிப்புக்குச் சும்மா போயிருந்தேன். ஒரு இளைஞரும் வயதான அம்மா ஒருவரும் நடிக்கும் காட்சி. இளைஞருக்கான க்ளோசப் முடிந்து, அந்த அம்மாவின் முகத்துக்குக் கேமராவைத் திருப்பினார்கள். இந்த இடத்தில் எதிரே நடிப்பவர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று தன் வசனத்தை மறுபடி சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான் அந்த அம்மா அழ வேண்டும். தம்பியோ போனை எடுத்துக்கொண்டு கேரவனுக்குள் போய்விட்டார். உதவி இயக்குநர் ஒருவர் ரேஷன் கடையில் பெயர் வாசிப்பது மாதிரி அந்த வசனத்தை வாசித்தார். அந்த அம்மா சுவரைப் பார்த்து அழுதார். எனக்குப் பொறுக்கவில்லை. கேரவன் கதவைத் தட்டிச் சத்தம் போட்டேன். "இதுக்கு ஏன் சார் இவ்வளவு டென்ஷன்?" என்று அந்தத் தம்பி நிஜமாகவே புரியாமல் கேட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இதுதான் பதில்.

நான் மேடை ஏறியது 1948இல். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம். அரண்மனையில் ராஜா இறங்கியதும் நான் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு ஏறிவிட்டேன் என்று சேக்காளிகள் கேலி பேசுவார்கள். சில்லறை வேஷங்களில் தொடங்கி, ஏழெட்டு வருஷத்தில் ராஜபார்ட் ஆகியிருந்தேன். ராஜபார்ட் என்றால் கதாநாயகன். கதாநாயகி ஸ்திரீபார்ட். சிரிக்க வைப்பவர் பபூன். பெட்டிக்காரர் ஆர்மோனியத்தோடு ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பார்.

எங்கள் பக்கத்தில் நடந்ததை ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். இதில் கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், பபூன் வேறொரு ஊர். கோயில் திருவிழா வைக்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வெற்றிலை பாக்கு வைத்துத் தேதி வாங்குவார்கள். நாங்கள் அன்றைக்குச் சாயந்திரம் பஸ்ஸில் வந்து இறங்குவோம். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிற பெண்ணை அன்றிரவே காதலித்து, கல்யாணம் முடித்து, விடிந்ததும் ஆளுக்கொரு பஸ் ஏறிப் போய்விடுவோம்.

ஒத்திகை இல்லாமல் மேடை ஏறுகிறவர்களுக்கு இருந்த ஒரே பிடிமானம், ஏறுவதற்கு முன் பேசிக்கொள்ளும் நாலு வார்த்தை. எந்தச் சுதி, எந்தப் பாட்டு வேண்டாம், எங்கே முடிப்பது. முடியவில்லை என்றால் என்ன சைகை. ஒருவருக்குத் தலை சுற்றும். ஒருவருக்கு அடுத்த வசனம் வராது. அப்போது அவர் சைகை காட்டினால் எதிரே நிற்பவர் அதை வாங்கிக்கொண்டு காட்சியைத் தன் பக்கம் இழுத்துச் சமாளித்துவிடுவார். கீழே உட்கார்ந்திருக்கிற ஊருக்கு எதுவும் தெரியாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இதை மீறியவர் என்று ஒருவரையும் நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

தனம் என்று ஒரு ஸ்திரீபார்ட். உண்மைப் பெயர் வேண்டாம், தனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விராலிமலைக்காரர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஆனாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். மேடையில் காதலனாக நிற்கிறவனைக் கீழே இறங்கியதும் அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால் ஊர் வாய் அடங்கும் என்று எங்கள் ஸ்திரீபார்ட்டுகள் கண்டுபிடித்து வைத்திருந்த வழி அது. அவருடைய அப்பா வாதத்தில் படுத்த படுக்கை. இரண்டு தம்பிகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். மாசியிலிருந்து ஆடி வரைக்கும் தனம் பாடினால்தான் அந்த வீட்டில் வருஷம் முழுக்க உலை கொதிக்கும். அப்படிப்பட்ட ஒருவருடைய குரலை நான் என்ன செய்தேன் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

1957 வாக்கில், பங்குனி மாதம். மீமிசலுக்கு மேற்கே ஒரு ஊரில் அம்மன் திருவிழா. பள்ளிக்கூடக் கட்டடத்தில் எங்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது தனம் பெஞ்சில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். கழுத்தைச் சுற்றி ஒரு துணி.

"அண்ணே, தொடர்ந்து மூணு ஊர் ஆடிட்டு வாரேன். தொண்டை கட்டிக்கிடுச்சு. வெத்தலை வாங்கிட்டோமே, வராம இருக்க முடியுமா?"

"அதுக்கென்ன, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"பாட்டுல நான் சமாளிச்சிக்கிருவேன். தர்க்கத்துலதான் பயமா இருக்கு. ரொம்ப இழுக்காதீங்க. முடியலைன்னா இடது காதுத் தோட்டைத் தொடுவேன். ஒடனே முடிவுப் பாட்டை எடுத்திருங்க."

"சரிங்க. தொட்டதும் முடிச்சிருவேன்."

பெட்டிக்காரரும் பபூனும் பக்கத்தில்தான் இருந்தார்கள். தனம் நிம்மதியாகத் தலையை ஆட்டிவிட்டு வெந்நீரைக் குடித்தார்.

தர்க்கம் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் நேருக்கு நேர் நின்று பாட்டாலும் பேச்சாலும் வாதாடுவது. ஆண் உயர்வா பெண் உயர்வா, இல்லறமா துறவறமா என்று எதையாவது பிடித்துக்கொண்டு போகும். எழுதிய வசனம் கிடையாது. அவர் கேட்பார், நீங்கள் அந்த நிமிஷமே பதில் கட்ட வேண்டும். கூட்டம் முழுக்க இதற்காகத்தான் விழித்திருக்கும். எங்கள் வழக்கப்படி தர்க்கத்தை முடிக்கிற உரிமை ராஜபார்ட்டுக்கு மட்டும்தான். அவர் முடிவுப் பாட்டைத் தொடங்கினால்தான் ஸ்திரீபார்ட் உள்ளே போகலாம். நடுவில் போனால் தோற்று ஓடினார் என்று பெயர். அடுத்த நாளே பத்து ஊருக்கு அது போய்விடும்.

அன்று முன்வரிசையில் மதுரை ஏஜெண்ட் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நல்ல ஊர்களுக்கெல்லாம் ஆள் பிடித்துக் கொடுப்பவர். என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நாடகம் தொடங்கும்போதே யாரோ என் காதில் போட்டுவிட்டார்கள். அந்தச் செய்தி என்னை என்ன செய்தது என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. தர்க்கம் தொடங்கியதும் என் குரல் எங்கேயோ போய் நின்றது. நினைத்த சொல்லெல்லாம் வந்தது. கேள்விக்கு மேல் கேள்வியாகப் போட்டேன். கூட்டம் கைதட்டித் தீர்த்தது.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். தனம் பதில் பாட்டை முடித்துவிட்டு இடது காதுத் தோட்டைத் தொட்டார். பார்த்தேன். இந்த ஒரு பாட்டோடு முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அந்தப் பாட்டுக்கு எழுந்த சத்தம் அடங்கவே இல்லை. ஏஜெண்ட் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அதையும் பார்த்தேன்.

இரண்டாவது முறை தொட்டார். கூட்டம் இப்படி இருக்கும்போது யாராவது முடிப்பார்களா என்று எனக்குள்ளேயே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது முறை தோட்டைத் தொடவில்லை. காதையே பிடித்துக்கொண்டு என் கண்ணை நேராகப் பார்த்தார். நானும் அவர் கண்ணைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே அடுத்த கேள்வியை மேல் ஸ்தாயியில் எடுத்தேன். வேண்டுமென்றேதான் எடுத்தேன். அந்த உயரத்துக்கு அவர் பதில் பாட வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

தனம் வாயைத் திறந்தார். முதல் அடி கீறிக்கொண்டு வந்தது. இரண்டாவது அடியில் காற்றுதான் வந்தது. தொங்கிக்கொண்டிருந்த மைக்கில் அந்தக் காற்றுச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். அவர் மறுபடி முயன்றார். வரவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் முடிவுப் பாட்டை எடுக்கும் முன்பே திரும்பி உள்ளே போய்விட்டார்.

பபூன் எங்கிருந்தோ ஓடி வந்து மேடையில் குட்டிக்கரணம் போட்டு, ஒரு மணி நேரம் தனியாளாகக் கூட்டத்தைப் பிடித்து வைத்திருந்தார். மீதிக் கதையை நாயகி இல்லாமலேயே எப்படியோ ஒப்பேற்றினோம். அம்மன் திருவிழாவில் நாடகம் உடைந்தது ஊருக்கு ஆகாது என்று பெரியவர்களுக்கு முகம் சுண்டிவிட்டது. காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பபூன் என் பக்கத்தில் வந்து நின்றார். என் அப்பா வயது.

"அது காதைத் தொட்டுச்சே, பாத்தியா?" என்றார்.

நான் பஸ் வருகிற திசையைப் பார்த்தேன். அவர் நகர்ந்து அங்கிட்டுப் போய் நின்றுகொண்டார். தனம் எந்தப் பஸ்ஸில் போனார் என்று எனக்குத் தெரியாது.

பத்து நாள் கழித்துப் புதுக்கோட்டையில் எங்கள் நடிகர் சங்கத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். கீழ ராஜவீதியில் ஒரு கடைக்கு மேலே மாடி அறை. அந்த ஊர்க்காரர்கள் புகார் எழுதியிருந்தார்கள். குரல் போன ஸ்திரீபார்ட்டை அனுப்பித் திருவிழாவைக் கெடுத்துவிட்டதாக. செயலாளர் அந்தக் காலத்துப் பெட்டிக்காரர், கறாரான மனுஷர். பகல் வெயில் ஓட்டில் இறங்கிக் கொதித்தது. ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் தனம். செயலாளர் கடிதத்தைப் படித்துவிட்டுத் தனத்திடம் கேட்டார்.

"முடியலைன்னா சொல்றதுக்கு ஏற்பாடு எதுவும் பண்ணிக்கலையா?"

"பண்ணிக்கிட்டோமுங்க. காதைத் தொடுறதாப் பேச்சு. தொட்டேன்."

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "தொட்டாங்களா?"

என் பெயர் அந்த வாரம்தான் முதல்முறையாக நோட்டீஸில் பெரிய எழுத்தில் வந்திருந்தது. மதுரை ஏஜெண்ட் ஏழு ஊருக்குத் தேதி கொடுத்திருந்தார். சைகையை மதிக்காதவன் என்று சங்கத்தில் பதிவானால் அத்தனையும் போய்விடும். இதையெல்லாம் நினைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மூச்சு இழுத்து விடுகிற நேரம்.

"நான் கவனிக்கலைங்க" என்றேன்.

செயலாளர் மறுபடி தனத்தைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் இன்னும் கட்டைக் குரலாகத்தான் இருந்தது.

"அண்ணன் மொகத்துக்கு நேரா பெட்ரோமாக்ஸ் தொங்குச்சுங்க. தெரிஞ்சிருக்காது" என்றார்.

செயலாளர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தனம் தலையை நிமிர்த்தி ஒரு முறை என்னைப் பார்த்தார். நான் வேட்டி ஓரத்தைச் சரி செய்துகொண்டிருந்தேன்.

குரல் கெட்டிருந்தும் வந்து நாடகத்தை உடைத்தது தனம்தான் என்று ஆகிவிட்டதால், ஆடி முடியும் வரைக்கும் அவருக்குத் தேதி இல்லை என்று முடிவானது. அதற்குள் குரல் சரியானால் சங்கத்தில் வந்து பாடிக் காட்டித் தேதி வாங்கிக்கொள்ளலாம். "சரிங்க" என்றார். விராலிமலைக்கு அடுத்த பஸ் எப்போது என்று வாசலில் இருந்தவரிடம் விசாரித்துவிட்டுப் படியிறங்கிப் போனார். எனக்குப் பெரிய கண்டத்திலிருந்து தப்பியது மாதிரி இருந்தது. அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்த ஒரு மாதம் எனக்கு ஏறுமுகம். மதுரைக்காரர் கொடுத்த ஊர்களில் எல்லாம் கூட்டம். வைகாசியில் கோட்டைப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊருக்குப் போனேன். அங்கே எனக்கு ஜோடியாக மதுரையிலிருந்து ஒரு புதுப் பெண் வந்திருந்தார். அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை. சாயந்திரம் வழக்கம்போல உட்கார்ந்து பேசினோம். சுதி பேசினோம், பாட்டுப் பேசினோம். சைகை என்ன வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் கேட்டேன்.

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினார். "தப்பா நெனைக்காதீங்கண்ணே. ஒங்களுக்கு மேடை வெளிச்சத்துல கண்ணு சரியாத் தெரியாதுன்னு சொன்னாங்க. கையைக் காட்டினா பிரயோசனம் இல்லையாம். அதனால முடியலைன்னா நான் வாய்விட்டே சொல்லிருவேன். கோவிச்சிக்கிராதீங்க."

"யாரு சொன்னா?"

"எங்க பொம்பளையாளுக எல்லாரும்தான் பேசிக்கிறாங்க. ஒங்க கூடத் தேதின்னா எச்சரிக்கையா இருக்கணும்னு."

அவர் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கண் சரியில்லாத ஒருவனிடம் பேசுகிற இரக்கத்தோடு சொன்னார். அதுதான் என்னைக் கொன்றது. நான் சொன்ன பொய்யை அவர்கள் அப்படியே நம்பியிருந்தார்கள். நம்பி, தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வழி தேடியிருந்தார்கள். பொய் என்று தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தேன். அன்று தர்க்கத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். கூட்டத்துக்கு ஏமாற்றம். எனக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை.

விடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே கீழ ராஜவீதிக்குப் போனேன். செயலாளர் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தார். என் முகத்தில் அரிதாரம்கூடச் சரியாகப் போகவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"தனம் தொட்டதைப் பாத்தேனுங்க. மூணு தடவையும் பாத்தேன்."

அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டார். நோட்டை எடுத்து என் தேதிகள் இருந்த பக்கத்தைத் திருப்பிக் குறுக்கே ஒரு கோடு போட்டார். ஒரு வருஷத்துக்கு நான் எங்கும் ஆடக் கூடாது என்றார். தனத்தின் மேல் இருந்த தடையை அப்போதே எடுத்து, கடிதம் எழுதி என் கையிலேயே கொடுத்தார்.

"நீயே கொண்டுபோய்க் குடு. தபால்ல போடுற விஷயம் இல்லை இது. அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தப் புள்ளை பத்து நாள் வாயை மூடிப் படுத்திருந்திருக்கும். எல்லாம் சரியாப் போயிருக்கும்" என்றார்.

அவர் சொன்னதன் அர்த்தம் விராலிமலையில்தான் புரிந்தது.

மலைக்குத் தெற்கே ஒரு சந்தில் அவர் வீடு. கட்டிலில் அப்பா படுத்திருந்தார். தனம் முற்றத்தில் உட்கார்ந்து யாருக்கோ கூலிக்கு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கண்ணே" என்றார். வாய் அசைந்தது தெரிந்தது. குரல் எனக்கு எட்டவில்லை. கிட்டப் போனேன்.

நடந்ததை அவரே சொன்னார், ரகசியம் பேசுகிற சத்தத்தில். குரல் போய்விட்டது என்று சங்கமே சொன்ன பிறகு, போகவில்லை என்று காட்டியாக வேண்டும். சீக்கிரம் பாடிக் காட்டினால் ஆனி மாதத் தேதிகளாவது கிடைக்கும் என்று கட்டின தொண்டையோடு விடியற்காலையும் சாயந்திரமும் சாதகம் செய்திருக்கிறார். ஒரு மாதம் விடாமல். ஒரு நாள் ரத்தம் வந்திருக்கிறது. திருச்சி பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனிமேல் பாட்டு என்பதையே மறந்துவிடச் சொல்லிவிட்டார்கள்.

மேடையில் நான் செய்தது ஓய்வெடுத்தால் ஆறக்கூடிய காயம். அந்த மாடி அறையில் சொன்ன ஒரு பொய்தான் அவர் குரலை முடித்தது. கடிதத்தைக் கொடுக்கக் கை வரவில்லை எனக்கு. அவரே வாங்கிப் பிரித்துப் படித்தார்.

"சொல்லிட்டீங்களா? நல்லது" என்றார்.

"அன்னைக்கு என்னை ஏன் விட்டுக்குடுக்காமப் பேசினீங்க? பெட்ரோமாக்ஸ்னு ஏன் சொன்னீங்க?" என்று கேட்டேன். அழுதுவிட்டேன். கிளிசரின் கேட்டீர்களே, அன்று அது தேவைப்படவில்லை.

"எல்லார் முன்னாடியும் ஒங்களைப் பொய்யன்னு சொல்ல வாய் வரலை. நான் வழி விட்டா, 'இல்லைங்க, பாத்தேன்'னு நீங்களே சொல்லுவீங்கன்னு நெனைச்சேன். ஒங்களைப் பாத்தேன். கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

கட்டிலில் இருந்த அப்பா, யாரும்மா வந்திருக்கிறது என்று கேட்டார். "கூட நடிக்கிறவங்கப்பா" என்று தனம் அவர் காதருகே போய்ச் சொன்னார். திரும்பி வந்து கடிதத்தை நாலாக மடித்துப் புடவை மடிப்பில் செருகிக்கொண்டார்.

"சங்கத்துல ஒண்ணு சொல்லுங்க. தாய் வேஷம் இருந்தாக் குடுக்கச் சொல்லுங்க. அதுக்குப் பாட்டு இல்லை. வசனம் கொஞ்சம் இருக்கும். மைக்குக்குக் கிட்ட நின்னுக்கிட்டா சமாளிச்சிருவேன். தம்பிகளுக்கு இன்னும் ரெண்டு மூணு வருஷம் படிப்பு இருக்கு."

சொன்னேன். கொடுத்தார்கள். முப்பது வயதைத் தொடாத பெண் தலையில் வெள்ளைப் பவுடரைப் பூசிக்கொண்டு கிழவியாக மேடை ஏறினார். அந்தக் கரகரத்த குரல் கிழவி வேஷத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்று ஊர்க்காரர்கள் புகழ்ந்தார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் அங்கிருந்து நகர்ந்துவிடுவேன். தம்பிகள் இருவரும் படித்து வேலைக்குப் போனார்கள். அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.

ஒரு வருஷம் கழிந்து நானும் மேடைக்குத் திரும்பினேன். பிறகு சினிமாவில் ஓரமாக நின்றேன், வயதான பிறகு டிவிக்கு வந்தேன். எந்த இடத்திலும் எதிரே நிற்பவரின் முகத்தை விட்டு என் கண் நகர்ந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நல்ல பழக்கத்தை இன்னொருவர் குரலைக் கொடுத்து வாங்கியவன் அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? உங்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். உங்கள் க்ளோசப் முடிந்ததும் உங்கள் வேலை முடிந்துவிடவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்று எதிரே இருப்பவரைப் பாருங்கள். அவருக்கு முடியவில்லை என்றால் முதலில் உங்களுக்குத்தான் தெரியும். தெரிந்ததைத் தெரியவில்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

அறுபதுகளின் நடுவில் ஸ்பெஷல் நாடகத்தை நான் விடுகிற வரைக்கும் தனத்தோடு பல ஊர்களில் ஒரே நோட்டீஸில் பெயர் வந்தது. எனக்கு அம்மாவாக நடித்தார். அந்தக் காலத்து நாடகங்களில் மகன் போருக்கோ தேசாந்தரமோ போகும் முன் தாயிடம் விடைபெறும் கட்டம் ஒன்று கட்டாயம் இருக்கும். ராஜபார்ட் தாயின் காலில் விழ வேண்டும். சரிகை கசங்கும் என்று மற்றவர்கள் பாதி குனிந்து பாவனை காட்டி நிமிர்ந்துவிடுவார்கள். நான் ஒவ்வொரு ஊரிலும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். அவர் பாதத்தில் நெற்றி படும்படி விழுந்தேன். என்ன பக்தி, என்ன நடிப்பு என்று கூட்டம் உச்சுக் கொட்டும்.

தனம் தாய்க்கு உரிய வசனத்தை ஒரு சொல் குறையாமல் சொல்வார். நூறு வயசு இரு மகனே என்பார். குனிந்து என் தலைக்கு மேல் கையைக் கொண்டுவருவார். அந்தக் கை என் முடிக்கு ஒரு விரல்கடை மேலேயே நின்றுவிடும். அத்தனை வருஷத்தில் ஒரு ஊரில்கூட அது என் தலையில் பட்டதில்லை. கீழே இருந்து பார்க்கிறவர்களுக்குத் தொட்டு ஆசீர்வதித்த மாதிரியே இருக்கும். அவ்வளவு நல்ல நடிகை அவர்.